அதிகாலை 2.10 மணிப் பதிவிறக்கம்: ஒரு பணிநீக்கத்தில் கணினித் தடயம் படிக்கப்பட்ட விதம்

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் கப்பல் பழுதுபார்ப்புக்கான உதிரிபாகங்களை விற்கும் ஒரு நிறுவனத்துக்கும், அங்கே ஒன்பது ஆண்டுகள் வேலை செய்த விற்பனை நிர்வாகி ஒருவருக்கும் இடையே எழுந்த பூசலை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. நிறுவனத்தின் வேண்டுகோளின்பேரில் கணினித் தடயங்களை மறுஆய்வு செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இரு தரப்பும் இதற்கு ஒப்புக்கொண்டுள்ளன. ஆட்களையும் நிறுவனத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டோ விடப்பட்டோ உள்ளன. கணினிப் பதிவுகள் பற்றிய விவரங்களை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் இதே நிலையில் சிக்கக்கூடிய மற்றவர்களுக்குப் பயன்படப்போவது அவைதாம்.

பின்னணி

ஏறக்குறைய அறுபது பேர் வேலை செய்யும் அந்தக் குடும்ப நிறுவனத்தில், அதைத் தொடங்கியவர் அறுபது வயதைக் கடந்த பிறகும் நாள்தோறும் அலுவலகம் வருகிறார். முக்கிய முடிவுகள் அவருடைய அறையில்தான் எடுக்கப்படுகின்றன. ஊழியர்களில் பலர் தமிழர்கள். கணினிப் பராமரிப்பு முழுவதும் வெளியிலுள்ள ஒரு சிறிய சேவை நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மின்னஞ்சலும் கோப்புகளும் மைக்ரோசாஃப்ட் 365 சேவையில் இருந்தன. ஒவ்வோர் ஊழியரின் கோப்புகளும் அதன் இணையவழிச் சேமிப்பகமான ஒன்டிரைவ் வழியாக அவரவர் மடிக்கணினியோடு ஒத்திசைக்கப்பட்டன.

சம்பந்தப்பட்ட ஊழியர் கப்பல் பட்டறைகளுக்கு நேரில் சென்று, தேவைகளைக் கேட்டறிந்து, விலைப்புள்ளி தயாரித்துக் கொடுப்பவர். கப்பலின் இயந்திர அறைக்குள் இணையத் தொடர்பு கிடைக்காது என்பதால், தம்முடைய கோப்புகள் அனைத்தும் மடிக்கணினியிலேயே இருக்க வேண்டும் என்று அவர் முன்பே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். இது பின்னால் முக்கியமாயிற்று.

ஒரு வியாழக்கிழமை அவருடைய மடிக்கணினியின் பேட்டரி உப்பியிருப்பது தெரியவந்ததால், மறுநாள் புதிய கணினி தருவதாகச் சேவை நிறுவனம் சொன்னது. வெள்ளிக்கிழமை காலையிலேயே பட்டறைக்குப் போக வேண்டியிருந்ததால், தம்முடைய கடவுச்சொல்லைத் தொழில்நுட்பரிடம் முதல் நாள் மாலையே கொடுத்துவிட்டுச் சென்றார். அடுத்து வந்த திங்கட்கிழமை, ஒப்பந்தப்படி ஒரு மாத முன்னறிவிப்புடன், அதே தொழிலில் இருக்கும் வேறொரு நிறுவனத்தில் சேரப்போவதாகச் சொல்லி வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்.

குற்றச்சாட்டு உருவான விதம்

நிறுவனருக்கு அந்தக் கடிதம் பெரும் மனவருத்தத்தைத் தந்தது. தாம் கைபிடித்துத் தொழில் கற்றுக்கொடுத்த ஒருவர் போட்டி நிறுவனத்துக்குப் போகிறார் என்பதை அவரால் இயல்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சேவை நிறுவனத்தை அழைத்து, “அவன் எதை எடுத்துக்கொண்டு போகிறான் என்று பாருங்கள்” என்றார். ஏதாவது எடுத்தாரா என்று அவர் கேட்கவில்லை. கேள்விக்குள்ளேயே பாதி விடை இருந்தது. தேடியவர்களும் அந்த விடையைத்தான் தேடினார்கள்.

புதன்கிழமை மாலை நான்கு பக்க அறிக்கை வந்தது. அதில் மூன்று கூற்றுகள் இருந்தன. முதலாவது, வெள்ளிக்கிழமை அதிகாலை 2.10 மணி முதல் 3.45 மணி வரை ஊழியர் தம்முடைய கணக்கிலிருந்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளைப் பதிவிறக்கம் செய்தார் என்பது. அந்த நேரத்துக்குச் சற்று முன்னர், 2.04 மணிக்கு, கணக்குக்குள் நுழைவதற்கான அனுமதி அவருடைய கைத்தொலைபேசியிலிருந்து கொடுக்கப்பட்டிருந்ததால் வேறு யாரும் செய்திருக்க வழியில்லை என்றும் அறிக்கை சொன்னது. இரண்டாவது, பழைய மடிக்கணினியில் ஒரு தம்ப் டிரைவ் இணைக்கப்பட்டு, விலைப்பட்டியல் கோப்புறை அதில் நகலெடுக்கப்பட்டது என்பது. மூன்றாவது, வாடிக்கையாளர் தொடர்புப் பட்டியல் ஒன்றை அவர் தம்முடைய சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினார் என்பது.

மூன்று கூற்றுகளும் ஒரே உறுதியான தொனியில் எழுதப்பட்டிருந்தன. இவற்றில் ஒன்று தவறு, ஒன்று நிரூபிக்க இயலாதது, ஒன்று உண்மை. அறிக்கையைப் படித்தவர்களால் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

விசாரணையும் பணிநீக்கமும்

வியாழக்கிழமை காலை, நிறுவனர், மனிதவள மேலாளர், சேவை நிறுவனத்தின் பிரதிநிதி ஆகிய மூவரும் ஊழியரை அழைத்து விசாரித்தார்கள். அறிக்கையின் நகல் அவருக்கு முன்கூட்டியே கொடுக்கப்படவில்லை. அச்சிட்ட எக்செல் தாள் ஒன்று மேசைமேல் அவர் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டது.

“ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன செஞ்சுக்கிட்டு இருந்த?” என்று நிறுவனர் கேட்டார்.

“தூங்கிக்கிட்டு இருந்தேன், ஐயா.”

“அப்போ உன் ஃபோன்ல அனுமதி கொடுத்தது யாரு?”

அந்த வாரத்தில் ஏதோ ஒரு நேரத்தில் அப்படி ஓர் அனுமதி கொடுத்தது அவருக்கு நினைவிருந்தது; எப்போது, எதற்காக என்பது அந்தக் கணத்தில் நினைவுக்கு வரவில்லை. அவர் தயங்கினார். அந்தத் தயக்கத்தை மூவரும் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள் என்று மனிதவள மேலாளர் பின்னர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். சொந்த மின்னஞ்சலுக்குப் பட்டியல் அனுப்பியதை அவர் உடனே ஒத்துக்கொண்டதும் அவருக்கு எதிராகவே திரும்பியது: அதைச் செய்தவர் மற்ற இரண்டையும் செய்திருப்பார் என்று எண்ணினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கூட்டம் முடிந்து, அன்று மாலையே முன்னறிவிப்பின்றிப் பணிநீக்கம் செய்யும் கடிதம் கொடுக்கப்பட்டது. கணினி முறைகேட்டுச் சட்டத்தின்கீழ் காவல்துறையில் புகார் செய்வதைப் பற்றியும் பேசப்பட்டது. நல்லவேளையாக, வழக்கறிஞரைக் கேட்ட பிறகு பார்க்கலாம் என்று அது தள்ளிவைக்கப்பட்டது.

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, முறையான விசாரணைக்குப் பிறகு ஒழுங்கீனத்துக்காக ஊழியரை முன்னறிவிப்பின்றி நீக்க முதலாளிக்கு அனுமதி தருகிறது. அந்த விசாரணை இப்படித்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் வரையறுக்கவில்லை. ஆனால் ஊழியர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பு இருக்க வேண்டும், விசாரிப்பவர் பாரபட்சம் உடையவராகத் தோன்றும் நிலையில் இருக்கக் கூடாது என்பவை மனிதவள அமைச்சு வலியுறுத்தும் அடிப்படைகள். அதே பிரிவு, விசாரணைக்காக ஊழியரை ஒரு வாரம் வரை, குறைந்தது பாதிச் சம்பளத்துடன், வேலையிலிருந்து தற்காலிகமாக விலக்கி வைக்கவும் இடம் தருகிறது. அந்த ஒரு வாரத்தை நிறுவனம் பயன்படுத்தியிருந்தால், கீழே விவரிக்கப்படும் பெரும்பாலானவை அந்த வாரத்துக்குள்ளேயே தெரிந்திருக்கும்.

மறுஆய்வுக்கு வந்தபோது இருந்த நிலை

நியாயமற்ற பணிநீக்கம் என்று கோருவோர், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் சமரசத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். ஊழியர் அந்தக் கெடுவுக்குள் பதிவு செய்தார். அங்கே தீராவிட்டால் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கே வழக்கறிஞர்கள் முன்னிலையாக முடியாது. ஆகவே நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர், சமரசப் பேச்சுக்கு முன்பே ஆதாரங்களை வெளியார் ஒருவரிடம் காட்டிவிடும்படி சொன்னார். அப்படித்தான் இது என்னிடம் வந்தது. என்னுடைய அறிக்கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முழுமையாக இரு தரப்புக்கும் தரப்பட வேண்டும், ஊழியரிடம் நான் நேரடியாகக் கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை வைத்தேன். நிறுவனர் சற்றே யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அப்போது தடயங்கள் இருந்த நிலை இது. புதிய மடிக்கணினி வேறோர் ஊழியருக்குக் கொடுக்கப்பட்டு, சில வாரங்களாகப் பயன்பாட்டில் இருந்தது. பழைய மடிக்கணினி அலமாரியில் இருந்தாலும், இடையில் சேவை நிறுவனத்தார் நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, தேடல் நடத்தி, தங்களுடைய தம்ப் டிரைவையே அதில் செருகிக் கோப்புகளை எடுத்திருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் 365 சேவையின் தணிக்கைப் பதிவுகள் (எந்தக் கணக்கில் எப்போது என்ன நடந்தது என்ற குறிப்புகள்) மட்டும் யார் கையும் படாமல் இருந்தன. அவையும் என்றென்றும் இருப்பவை அல்ல. வழக்கமான உரிமத்தில் 180 நாள்கள் வரைதான் வைக்கப்படுகின்றன. எனவே முதலில் பதிவுகளை எல்லா நெடுவரிசைகளுடனும் ஏற்றுமதி செய்வது, அடுத்துப் பழைய மடிக்கணினியின் சேமிப்பகத்தை முழுப் பிரதி எடுப்பது, அதன் பிறகே ஆட்களிடம் பேசுவது என்ற வரிசையை முடிவு செய்தேன். ஆட்களின் நினைவு, கேட்கும் கேள்வியால் மாறிவிடக்கூடியது. பதிவுகளில் என்ன இருக்கிறது என்பது தெரிந்த பிறகு கேட்டால், வழிகாட்டாத கேள்விகளைக் கேட்க முடியும்.

பிரதி எடுக்கும்போது சேமிப்பகத்தில் எதுவும் எழுதப்படாதபடி தடுக்கும் கருவியைப் பயன்படுத்தி, மூலத்துக்கும் பிரதிக்கும் ஷா-256 ஹேஷ் மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற நீண்ட எண்வரிசை) ஒன்றே என்பதை இரு தரப்பின் முன்னிலையில் சரிபார்த்தேன். மின்னணு ஆதாரங்களைச் சேகரிப்பதற்கான 2012ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ/ஐஇசி 27037 வழிகாட்டி நெறிகளும் இதையே எதிர்பார்க்கின்றன. ஹேஷ் பொருந்தியதும், “அப்போ எல்லாம் சரிதானே?” என்று நிறுவனர் கேட்டார். பிரதி எடுத்த கணத்திலிருந்து அதில் ஒரு பிட்கூட மாறவில்லை என்பதற்கு மட்டுமே ஹேஷ் சாட்சி. அதற்கு முந்தைய வாரங்களில் அந்தக் கணினியில் யார் என்ன செய்தார்கள் என்பது பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இதை அவருக்கு விளக்க நேரம் பிடித்தது. ஆனால் அந்த விளக்கத்தைக் கொடுக்காமல் ஆய்வைத் தொடர்ந்திருக்கக் கூடாது என்றே கருதுகிறேன், ஏனென்றால் சீல் வைத்த பையும் நீண்ட எண்வரிசையும் பார்ப்பவர் மனத்தில் தகுதிக்கு மீறிய நம்பிக்கையை உண்டாக்கிவிடுகின்றன.

எட்டு மணி நேரம்

ஏற்றுமதி செய்த தணிக்கைப் பதிவில் நேரங்கள் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். சிங்கப்பூர் நேரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. பதிவில் இருந்த 02.10 என்பது சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை காலை 10.10 மணி. 03.45 என்பது காலை 11.45 மணி. நள்ளிரவு என்று அறிக்கை சொன்னது, அலுவலகத்தில் எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்த முற்பகல்.

இதை நான் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, அவர்கள் கண்முன் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். மனிதவள மேலாளரை அவருடைய கணக்கில் ஒரு சோதனைக் கோப்பைத் திறக்கச் சொல்லி, சுவர்க் கடிகாரத்தையும் கைத்தொலைபேசியையும் பார்த்து நேரத்தை எழுதிவைத்தோம். பதிவு வந்து சேர்ந்ததும் ஏற்றுமதி செய்து பார்த்தபோது, எழுதிவைத்த நேரத்துக்குச் சரியாக எட்டு மணி நேரம் பின்னால் அது இருந்தது. பழைய பதிவுகளிலும், நேரம் ஐயமின்றித் தெரிந்த வேறு சில நிகழ்வுகளை எடுத்து ஒப்பிட்டோம். எல்லாவற்றிலும் அதே இடைவெளி.

இந்த ஐயம் முதல் நாளிலேயே எழுந்திருக்க வேண்டும். பதிவிறக்கம் நடந்த ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) அலுவலகத்தின் சொந்த இணைய இணைப்புக்கு உரியது. அதிகாலை 2.10 மணிக்கு அலுவலகம் பூட்டப்பட்டிருந்தது. எச்சரிக்கை மணி அமைப்பு முந்திய இரவு இயக்கப்பட்டு, காலை எட்டு மணிக்குச் சற்று முன்னர்தான் நிறுத்தப்பட்டது என்பதற்கு அந்தச் சேவையின் பதிவு இருந்தது. இந்த முரண்பாட்டைச் சேவை நிறுவனம் கவனித்திருந்தது. வீட்டிலிருந்து விபிஎன் வழியாக (வெளியிலிருந்து அலுவலகப் பிணையத்தில் இணையும் வழி) நுழைந்திருக்கலாம் என்று ஒரே வரியில் அதைக் கடந்துபோயிருந்தது. விபிஎன் பதிவை யாரும் திறந்து பார்க்கவில்லை. நான் பார்த்தபோது அந்த இரவில் அவருடைய பெயரில் எந்த இணைப்பும் இல்லை. தாங்கள் கட்டிய கதையோடு ஒரு தடயம் முரண்பட்டபோது, கதையைச் சோதிக்காமல் தடயத்துக்கு விளக்கம் தேடினார்கள். இந்த வழக்கில் நேர்ந்த பிழைகளில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். நேர மண்டலத்தைத் தவறாகப் படிப்பது யாருக்கும் நேரலாம், ஆனால் அந்த ஐபி முகவரி கையைப் பிடித்து இழுத்து எச்சரித்திருக்கிறது.

பதிவிறக்கம் செய்தது யார்

நேரம் திருத்தப்பட்டதால் மட்டும் ஊழியர் விடுவிக்கப்பட்டுவிடவில்லை. காலை பத்து மணிக்கும் ஒருவர் கோப்புகளை எடுக்கலாம். ஆகவே அந்தப் பதிவுகளில் இருந்த மற்ற நெடுவரிசைகளுக்குப் போனேன். சேவை நிறுவனத்தின் அறிக்கையில் அவை நீக்கப்பட்டு, எல்லாம் ஒரே சொல்லில் ‘பதிவிறக்கம்’ என்று சுருக்கப்பட்டிருந்தன.

ஒருவர் உலாவியில் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்துப் பதிவிறக்குவதும், ஒன்டிரைவ் செயலி தானாகவே கோப்புகளைக் கணினிக்கு இறக்கி ஒத்திசைப்பதும் தணிக்கைப் பதிவில் வெவ்வேறு செயல்களாகக் குறிக்கப்படுகின்றன. இங்கே இருந்தவை அனைத்தும் இரண்டாவது வகை. செயலியின் பெயரும் அதையே காட்டியது. சாதனத்தின் பெயர், அன்று காலை முதன்முதலாக இணைக்கப்பட்ட புதிய மடிக்கணினியினுடையது. புதிய கணினியில் ஒருவருடைய கணக்கைச் சேர்த்து, எல்லாக் கோப்புகளும் எப்போதும் இந்தக் கணினியில் இருக்கட்டும் என்ற தேர்வைச் செய்தால், அவர் கணக்கிலுள்ள அத்தனையும் வரிசையாக இறங்கும். இறங்கிய பட்டியலில் விலைப்பட்டியல்கள் இருந்தன. பல ஆண்டுகளுக்கு முந்தைய விடுப்புப் படிவங்களும், நிறுவனத்தின் தீபாவளி விருந்துப் படங்களும்கூட இருந்தன. இதை மட்டும் வைத்து அவர் நிரபராதி என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் திருட நினைப்பவரும் முழுக் கோப்புறையையும் அள்ளிக்கொண்டு போகலாம். எனவே ஆட்களின் பக்கம் வந்தேன்.

வெள்ளிக்கிழமை கணினியை அமைத்துக் கொடுத்த தொழில்நுட்பரும் அறிக்கையை எழுதியவரும் வெவ்வேறு நபர்கள். அறிக்கை எழுதியவர் தம்முடைய சக ஊழியரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை. அந்தத் தொழில்நுட்பரின் வேலைச் சீட்டில் வருகை 9.40 என்றும் முடித்தது 12.15 என்றும் எழுதி, மனிதவளப் பிரிவின் கையொப்பத்தோடு இருந்தது. ஊழியருடைய கடவுச்சொல்லைப் போட்டு நுழைந்ததையும், கப்பலில் இணையம் இருக்காது என்பது தெரிந்ததால் எல்லாக் கோப்புகளையும் கணினியில் வைக்கும் தேர்வைச் செய்ததையும் அவர் தயங்காமல் சொன்னார். நுழையும்போது கைத்தொலைபேசி அனுமதி கேட்டதால், ஊழியரை அழைத்து அனுமதி தரச் சொன்னார்.

ஊழியரின் கைத்தொலைபேசி அழைப்புப் பட்டியலில் அந்த அழைப்பு இருந்தது: வெள்ளிக்கிழமை காலை 10.03. நுழைவுக்கான அனுமதி பதிவான நேரம், யூடிசி 02.04, அதாவது காலை 10.04. அந்த நேரத்தில் அவர் பட்டறைக்குள் இருந்தார் என்பதை அங்குள்ள வாயில் அனுமதிப் பதிவும், அவரோடு இருந்த வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளரும் உறுதிப்படுத்தினார்கள். விசாரணையில் அவருடைய வாயை அடைத்த அந்தத் தொலைபேசி அனுமதி, அவர் கணினியின் அருகிலேயே இல்லை என்பதற்கான மிக வலுவான சான்றாக மாறியது.

ஒரு கணக்கின் பெயரில் ஒரு செயல் பதிவாகியிருக்கிறது என்பதற்கும் அந்தக் கணக்குக்கு உரியவர் அதைச் செய்தார் என்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சாலைக் கட்டண வாயிலில் ஒரு காரின் கட்டணம் பதிவானால் கார் அந்த நேரத்தில் அங்கே சென்றது தெரியும். ஓட்டியவர் யார் என்பது அந்தப் பதிவில் இராது. வேலையிடங்களில் கடவுச்சொல் பகிரப்படுகிறது, கணினிகள் கைமாறுகின்றன, தொழில்நுட்பர்கள் நிர்வாகி உரிமையோடு நுழைகிறார்கள், செயலிகள் யாரும் கேட்காமலே வேலை செய்கின்றன. அந்த இடைவெளியை நிரப்ப, கணினிக்கு வெளியே உள்ள ஆதாரம் தேவைப்படுகிறது: வாயில் பதிவு, வேலைச் சீட்டு, தொலைபேசி அழைப்பு, உடனிருந்த மனிதர்.

தம்ப் டிரைவ்: முடிவு காண முடியாத பகுதி

பழைய மடிக்கணினியின் விண்டோஸ் பதிவேட்டில் (கணினியின் அமைப்புகளும் இணைத்த சாதனங்களும் குறிக்கப்படும் இடம்), விலகல் கடிதத்துக்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன்னர் ஒரு தம்ப் டிரைவ் முதன்முதலாக இணைக்கப்பட்டதற்கான குறிப்பு இருந்தது. அந்த டிரைவிலிருந்து ஒரு விலைப்பட்டியல் கோப்பு திறக்கப்பட்டதை, விண்டோஸ் தானாக உருவாக்கும் குறுக்குவழிக் கோப்பு ஒன்று காட்டியது. ஆகவே குறைந்தது ஒரு விலைப்பட்டியல் அந்த டிரைவில் ஒரு கட்டத்தில் இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். முழுக் கோப்புறையும் நகலெடுக்கப்பட்டது என்ற அறிக்கையின் கூற்றுக்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. சாதனம் இணைக்கப்பட்டதை விண்டோஸ் குறித்துவைக்கிறது, எதை எதை நகலெடுத்தார்கள் என்ற பட்டியலை அது இயல்பாக வைத்துக்கொள்வதில்லை.

டிரைவ் கடைசியாக எப்போது இணைக்கப்பட்டது என்று அறிக்கை குறித்திருந்த நேரமும் பயன்படவில்லை. அதற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பதிவேட்டு நேரம், அந்தக் கணினியில் அதுவரை செருகப்பட்டிருந்த எல்லா யூஎஸ்பி சாதனங்களுக்கும் ஒருசில விநாடி வித்தியாசத்தில் ஒன்றாகவே இருந்தது. விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்று நடந்த நேரம் அது. கோப்புகள் கடைசியாகத் திறக்கப்பட்டதாகக் காட்டும் நேரத்தையும் நான் எந்த முடிவுக்கும் எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் சேவை நிறுவனத்தாரின் தேடலும் வைரஸ் தடுப்பு மென்பொருளும் அதைத் தொட்டிருக்கக்கூடும். அழிக்கப்பட்ட கோப்புகளை மீட்டெடுப்பதும் பலன் தரவில்லை. மடிக்கணினிகளில் இன்று பயன்படும், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகங்கள், மின்சாரம் இருக்கும் வரை, அழிக்கப்பட்டவை இருந்த இடங்களைத் தாமாகவே துடைத்துவிடுகின்றன. அந்தக் கணினியைத் தொடர்ந்து இயக்கி வைத்திருந்த ஒவ்வொரு மணி நேரமும் ஏதோ ஒரு தரப்பின் ஆதாரத்தை அழித்திருக்கலாம்.

ஊழியரோ, பட்டறையில் அச்சிடுவதற்காக விலைப்புள்ளிகளை அந்த டிரைவில் கொண்டுபோவது தமது வழக்கம் என்றார். அதை உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். விசாரணை நாளில் டிரைவை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டபோது, அது வேறொருவர் கைக்குப் போய், ஃபார்மெட் செய்து வெறுமையாக்கப்பட்டு, வேறு கோப்புகள் எழுதப்பட்டிருந்தது.

மின்னஞ்சல்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டியல் அனுப்பப்பட்டது உண்மை. அனுப்பியவரின் அஞ்சல் பெட்டி, அஞ்சல் வழங்கியின் (சர்வர்) விநியோகப் பதிவு, ஊழியர் தாமே திறந்து காட்டிய அவருடைய சொந்த அஞ்சல் ஆகிய மூன்றிலும் ஒரே செய்தி அடையாள எண் இருந்தது, அவரும் மறுக்கவில்லை. விடுமுறை நாளில் வாடிக்கையாளர்களை அழைப்பதற்காக அனுப்பிக்கொண்டதாகச் சொன்னார். அது ஒப்பந்தத்தின் ரகசியக் காப்பு விதிக்கு முரணானதே.

அறிக்கையில் எடுத்த முடிவுகள்

என் அறிக்கையில் ஒவ்வொரு கூற்றுக்கும் நேராக, பதிவு என்ன சொல்கிறது, அதிலிருந்து என்ன ஊகிக்கப்படுகிறது, அந்த ஊகத்துக்கு மாற்று விளக்கம் உண்டா என்று தனித்தனியே எழுதினேன். தம்ப் டிரைவ் பற்றி ‘முடிவு காண இயலாது’ என்றே எழுதினேன். நிறுவனர் இதில் மனம் ஒப்பவில்லை.

“தம்பி, அவன் ஒண்ணுமே எடுக்கலைன்னு நீங்க சொல்ல முடியுமா?” என்று கேட்டார்.

“முடியாது, ஐயா. எடுத்தார்னும் சொல்ல முடியாது.”

‘எடுத்திருக்க வாய்ப்பு உண்டு’ என்றாவது எழுதும்படி கேட்டார். வாய்ப்பு யாருக்கும் எப்போதும் உண்டு. அப்படி ஒரு வரி ஆய்வாளரின் கையொப்பத்தோடு வரும்போது, படிப்பவருக்கு அது பாதி நிரூபணமாகத் தோன்றும். அதனால் மறுத்தேன். கட்டணம் தருபவர் கேட்கும் சிறிய சொல் மாற்றங்களில்தான் இந்தத் தொழிலின் நேர்மை பெரும்பாலும் சோதிக்கப்படுகிறது.

சமரசமும் அதன் பிறகும்

முத்தரப்புக் கூட்டணியின் சமரசப் பேச்சில் விவகாரம் முடிந்தது. நடுவர் மன்றத்துக்குப் போகவில்லை. பணிநீக்கம் திரும்பப் பெறப்பட்டு, விலகலாகவே பதிவு செய்யப்பட்டது. முன்னறிவிப்பு மாதத்தின் சம்பளமும் எடுக்காத விடுப்புக்கான தொகையும் வழங்கப்பட்டன. பணிச் சான்றுக் கடிதம் தரப்பட்டது. ஊழியர் தம் பங்குக்கு, வாடிக்கையாளர் பட்டியலை அழித்துவிட்டதாகவும் பயன்படுத்தவில்லை என்றும் எழுதிக் கையொப்பமிட்டார். மின்னஞ்சல் ஒன்று மட்டுமே பிரச்சினையாக இருந்திருந்தால் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டிருப்போம் என்று மனிதவள மேலாளர் சொன்னார்.

ஆனால் அவர் சேரவிருந்த நிறுவனம் பணிநீக்கச் செய்தி காதுக்கு எட்டியதும் வேலை வாய்ப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. சமரசம் அதைத் திருப்பித் தரவில்லை. அதே தொழிலில் வேறு வேலை கிடைக்க அவருக்குப் பல மாதங்கள் ஆயின. கப்பல் பழுதுபார்ப்புத் துறை சிறியது. ‘கோப்பு திருடியவர்’ என்ற பேச்சு, தவறு என்று தெரிந்த பிறகும் பட்டறைகளில் சிலகாலம் உலவியது.

சட்டத்தின் அனுமானம் பற்றி

2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சிங்கப்பூரின் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 116ஏ பிரிவு, முறையாகப் பயன்படுத்தினால் வழக்கமாகச் சரியான மின்னணுப் பதிவைத் தரக்கூடிய கருவி, குறிப்பிட்ட தருணத்திலும் சரியாகவே தந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க இடமளிக்கிறது. ஐயத்தை எழுப்பும் ஆதாரம் வந்தால் அனுமானம் விலகும். இது நடைமுறைக்குத் தேவையான விதி. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் வழங்கியின் நம்பகத்தன்மையை நிரூபிக்கச் சொன்னால் எந்த வழக்கும் நகராது. ஆனால் அந்த அனுமானம் பதிவு உருவான விதத்தைப் பற்றியது. பதிவின் பொருள் என்ன, அதன் பின்னால் இருந்த மனிதர் யார் என்பவற்றுக்கு அது நீளாது. இந்த வழக்கில் தணிக்கைப் பதிவில் ஒரு பிழையும் இல்லை. அனுமானத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் குற்றச்சாட்டு நிற்கவில்லை.

பிரிட்டனின் அஞ்சல் அலுவலக வழக்குகளில் நடந்தது வேறு. அங்கே ஹொரைசன் கணக்கியல் மென்பொருளே பிழையான தொகைகளைக் காட்டியது. கணினி சரியாக இயங்கியதை முன்வைப்பவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டிருந்த சூழலில், 1999க்கும் 2015க்கும் இடையே, கிளை அஞ்சலகங்களை நடத்தியவர்கள் உட்பட 700-க்கும் மேற்பட்டோர் மீது அஞ்சல் அலுவலகமே வழக்குத் தொடுத்தது. 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு மென்பொருளின் குறைகளை நிறுவியது. 2024இல் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. அங்கே பதிவு தவறு. இங்கே படித்த விதம் தவறு. இரண்டிலும் தாம் செய்யாததைச் செய்யவில்லை என்று நிரூபிக்கும் சுமை ஊழியர் தலையில் விழுந்தது, அதற்குத் தேவையான பதிவுகள் எல்லாம் எதிர்த்தரப்பின் கையில் இருந்தன.

மாற்றப்பட்டவையும் மாறாததும்

நிறுவனம் இப்போது எழுத்து வடிவில் ஒரு நடைமுறையை வைத்திருக்கிறது. ஐயம் எழுந்தால் கணினி அணைக்கப்பட்டு, யார் எப்போது பெற்றுக்கொண்டார் என்ற குறிப்போடு பூட்டி வைக்கப்படும். யாரும் அதைத் திறந்து தேடக் கூடாது, வேறு ஊழியருக்கும் கொடுக்கக் கூடாது. தம்ப் டிரைவ் போன்றவை அன்றே கேட்டுப் பெறப்படும். மைக்ரோசாஃப்ட் 365 போன்ற இணையவழிச் சேவைகளின் பதிவுகள் எந்த நெடுவரிசையும் நீக்கப்படாமல் ஏற்றுமதி செய்யப்படும். நேரங்கள் யூடிசி, சிங்கப்பூர் நேரம் என இரண்டு நெடுவரிசைகளில் எழுதப்படும். ஊழியரின் கடவுச்சொல்லைக் கேட்டுக் கணினி அமைப்பது நிறுத்தப்பட்டு, தற்காலிக நுழைவு முறைக்கு மாறியிருக்கிறார்கள். தினசரிப் பராமரிப்பைச் செய்யும் சேவை நிறுவனம் பதிவுகளை எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் அவற்றைப் படித்து முடிவு சொல்லும் பொறுப்பு அதனிடம் இருக்காது. தான் பங்கெடுத்த ஒரு நிகழ்வையே அது விசாரித்துவிடும் ஆபத்து இங்கே கண்கூடாகத் தெரிந்தது. சட்டம் தரும் ஒரு வார கால விலக்கை முழுமையாகப் பயன்படுத்திய பிறகே விசாரணை நடக்கும்.

ஊழியர் நிலையில் இருப்பவர்களுக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில உண்டு. இப்படி ஒரு தாள் முன்னால் வைக்கப்பட்டால், அதிலுள்ள நேரம் எந்த நேர மண்டலம், எந்தச் சாதனம், என்ன வகைச் செயல், கணக்கை வேறு யார் பயன்படுத்தியிருக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். அந்த இடத்திலேயே நினைவிலிருந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. கைத்தொலைபேசி அழைப்புப் பட்டியல், பயணப் பதிவு, நாள்காட்டி எதையும் அழிக்கக் கூடாது, தமக்குப் பாதகமாகத் தோன்றுபவற்றையும்கூட. ஒரு மாதக் கெடுவை மறக்கக் கூடாது.

நான் பரிந்துரைத்தவற்றில் ஒன்றை மட்டும் நிறுவனம் இன்னும் ஏற்கவில்லை. விசாரணைக்குக் குறைந்தது மூன்று வேலை நாள்களுக்கு முன்னர், பதிவுகளின் முழு நகலையும் குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் கொடுக்க வேண்டும் என்பது அது. முன்கூட்டியே கொடுத்தால் கதை தயாரித்துக்கொண்டு வருவார்கள் என்பது நிறுவனரின் அச்சம். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்றாலும், வெள்ளிக்கிழமை காலை 10.03 மணி அழைப்பை அந்த ஊழியர் தம் கைத்தொலைபேசியில் தேடிப் பார்க்க, அந்த நகல் ஒன்றுதான் அவருக்குத் தேவைப்பட்டது. இதுபற்றி மனிதவள மேலாளரும் நானும் அவரோடு தொடர்ந்து பேசிவருகிறோம்.